புல் பூவில் எது குளூம், எது லெம்மா? கோரையில் பாலியா ஏன் கிடைக்கவில்லை?

தளிர்:
லென்ஸ் வைத்துப் புல் கதிர்களைப் பிரித்துப் பார்க்கிறேன். செதிலுக்குள் செதிலாக வந்துகொண்டே இருக்கிறது, இதில் எது சிறுகதிருக்கு (கதிரில் பூக்களைத் தாங்கும் குட்டிக் கொத்துக்கு) சொந்தம், எது பூவுக்குச் சொந்தம் என்று பிடிபடவே இல்லை. புத்தகப் படத்தில் குளூம், லெம்மா, பாலியா என்று அழகாகக் கோடு இழுத்துக் காட்டியிருக்கிறார்கள், கையில் இருப்பதிலோ எல்லாம் ஒரே பச்சை. அப்புறம் கோரையைப் பிரித்தால் பாலியா மாதிரி எதுவுமே இல்லை. அங்கே அது இருக்கிறதா, இல்லையா?

வேரடி:
அடியிலிருந்து மேலே போங்கள். சிறுகதிரின் அடியில் பொதுவாக இரண்டு செதில்கள் இருக்கும், அவற்றின் கக்கத்தில் (செதில் தண்டோடு சேரும் உள்மூலையில்) பூ இருக்காது. அவைதான் குளூம். அதற்கு மேல் ஒவ்வொரு பூவையும் இரண்டு செதில்கள் மூடியிருக்கும்: வெளிப்பக்கம் லெம்மா, அச்சை ஒட்டி உள்பக்கம் பாலியா. பாலியா மெல்லியது, பெரும்பாலும் அதன் முதுகில் நீளவாக்கில் இரண்டு மடிப்புகள் தெரியும், லெம்மாவில் நடுநரம்பு ஒன்று ஓடும். ஊசி போன்ற நீட்சி இருந்தால் பெரும்பாலும் அது லெம்மாவில்தான்.

கோதுமையில் தொடங்குங்கள், ஒரே சிறுகதிரில் பல பூக்கள் வரிசையாக இருப்பதால் சீக்கிரம் புரிந்துவிடும். நெல்லில் தொடங்காதீர்கள், அதில் குளூம் இரண்டும் அடியில் வெறும் விளிம்பாகத் தேய்ந்துபோயிருக்கும், அதற்கு மேல் இரண்டு மலட்டு லெம்மாக்கள் (உள்ளே முழுப் பூ இல்லாதவை) குட்டையாக நிற்கும், அவற்றைத்தான் பலர் குளூம் என்று நினைக்கிறார்கள். அரிசியிலிருந்து உமியாகக் கழற்றுகிறோமே, அதுதான் பூவின் லெம்மாவும் பாலியாவும்.

லெம்மாவை மெதுவாக விலக்கினால் அடியில் கண்ணாடி மாதிரி இரண்டு துளிச் செதில்கள் இருக்கும். லாடிக்யூல். எனக்குப் புல் பூவிலேயே மிகவும் பிடித்த உறுப்பு இது. பூக்கும் நேரத்தில் தண்ணீரை உறிஞ்சி உப்பி, லெம்மாவையும் பாலியாவையும் நெம்பித் திறக்கும், மகரந்தத்தாள்கள் வெளியே தொங்கும், பிறகு அது சுருங்கியதும் பூ மூடிக்கொள்ளும். புல்லுக்கு அல்லி இதழே இல்லை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. மற்றப் பூக்களில் இதழை உருவாக்கும் வகை மரபணு நெல்லிலும் மக்காச்சோளத்திலும் பழுதாகும்போது லாடிக்யூல்தான் செதில் போல மாறுகிறது. இதழ் இருந்த இடத்தில் இருப்பது இதுதான்.

மகரந்தத்தாள் பெரும்பாலும் 3, நெல்லில் 6. சூலகமுடி இரண்டும் இறகு மாதிரி விரிந்திருக்கும், காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிக்க.

கூர்விழி:
கோரைக்கு நான் சொல்கிறேன். அங்கே பாலியா கிடையாது, தேட வேண்டாம். ஒரு பூவுக்கு ஒரே செதில், அதன் கக்கத்திலேயே பூ உட்கார்ந்திருக்கும். சைப்பரஸ் இனத்தில் இந்தச் செதில்கள் இரண்டு வரிசையாக அடுக்கியிருப்பதால் சட்டென்று புல்லின் சிறுகதிர் போலத் தெரியும், குழப்பமே அங்கேதான் வருகிறது. சில கோரைகளில் பூவைச் சுற்றி முடி போன்ற இழைகள் இருக்கும், அவை பூவிதழ் வட்டத்தின் மிச்சம் என்றே கருதப்படுகிறது. கேரெக்ஸ் இனத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி, பெண் பூவைக் குட்டிப் புட்டி மாதிரி ஒரு பை மூடியிருக்கும், அதன் வாய் வழியாகச் சூலகமுடிக் கிளைகள் மட்டும் எட்டிப்பார்க்கும்.

பழத்தையும் பாருங்கள். சூலகமுடி 3 கிளையாக இருந்தால் கொட்டை முப்பட்டையாக இருக்கும், 2 கிளை என்றால் தட்டையாக. புல், கோரை போலவே தோன்றும் ஜங்கஸ் என்ற செடி கிடைத்தால் விடாதீர்கள், அதில் ஒவ்வொரு பூவுக்கும் ஆறு இதழ்கள் ஒளிவுமறைவில்லாமல் இருக்கும், காய் வெடித்துப் பல விதைகள் கொட்டும்.

தளிர்:
நன்றி, கோதுமையில் இரண்டு மடிப்பும் தெரிகிறது! மக்காச்சோளத்தில் கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூல் எந்த உறுப்பு?

வேரடி:
நூல் ஒவ்வொன்றும் ஒரு பெண் பூவின் சூலகத்தண்டும் முடியும் சேர்ந்தது. செடி உச்சியில் கொத்தாக நிற்பவை ஆண் சிறுகதிர்கள், அவற்றைப் பிரித்தால் லாடிக்யூல் நன்றாகத் தெரியும்.