எம்.எஸ். 250 மரம் அறுக்கும் இயந்திரம்: எந்தப் பிஸ்டன் பொருந்தும்?

கேள்வி:
வணக்கம். பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க மறந்து ஓட்டியதால், என் ஸ்டில் எம்.எஸ். 250 இயந்திரத்தின் பிஸ்டன் சைலன்சர் பக்கத்தில் ஆழமாகக் கீறிவிட்டது. கடையில் எம்.எஸ். 230-இன் பிஸ்டனைக் காட்டி, இதுவே பொருந்தும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில் 1:
வேண்டாம். இரண்டிற்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 32 மி.மீ. தான் என்றாலும், 230-இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 40 மி.மீ., உங்களுடையது 42.5 மி.மீ. என்பதால், அந்தப் பிஸ்டன் சிலிண்டருக்குள் தளர்ந்து ஆடும். பழைய 025 மாடலின் போர் அளவு உங்களுடையதேதான். ஆனாலும் பிஸ்டன் பின்னின் (பிஸ்டனை இணைப்புத் தண்டுடன் சேர்க்கும் உருளைத் துண்டு) விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

பதில் 2:
சிலிண்டரை அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். உள்சுவரில் தெரியும் கோடுகள் பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியமே. கையுறை அணிந்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு, உள்சுவரின் கடினப் பூச்சு இல்லாத போர்ட் (வாயு வந்துபோகும் துளை) விளிம்புகளில் படாமல் தடவினால் அது கரைந்துவிடும். பிறகு நன்றாகக் கழுவிப் பாருங்கள். சுவரின் பூச்சில் நகத்தை ஓட்டும்போது எங்கும் இடறாவிட்டால், பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் போதும். (மலிவான தொகுப்புகளில் வரும் சர்க்ளிப்பை (பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம்) நான் நம்புவதில்லை, அதை மட்டும் அசல் உதிரியாகவே வாங்குவேன்.) பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சரை நோக்கியிருக்க வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பின்னை அளந்துவிட்டேன், 42.5 மி.மீ. பிஸ்டனையே வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.