பிரஷருக்கும் சுகருக்கும் 'டென்ஷன்' காரணம் என்பது உண்மையா, சும்மா சொல்லி அனுப்புகிற பேச்சா?

குலசேகரம்காரன்
எங்கள் பெரியம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் 170க்குக் கீழே இறங்குவதில்லை. போன வாரம் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "டென்ஷனைக் குறைங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெரியப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார். அவரைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, கஞ்சி கொடுப்பது எல்லாமே பெரியம்மா ஒருத்திதான். மகன் சவூதியில், மகளைக் கட்டிக்கொடுத்தது பாறசாலைப் பக்கம். இதில் எந்த டென்ஷனை எப்படிக் குறைப்பார்? நான் கேட்க வந்தது இதுதான்: மனசுக் கஷ்டம் உண்மையிலேயே உடம்பில் போய் ஏதாவது செய்யுமா, இல்லை காரணம் தெரியாதபோது டாக்டர்மார் சொல்கிற வார்த்தையா?

மார்த்தாண்டம்_மருந்துக்கடை
இரண்டாவதுதான் தம்பி. நான் பல வருஷமாகக் கடையில் நிற்கிறவன். அல்சர் கதை தெரியுமா? ரொம்ப காலம், வயிற்றுப் புண் என்றாலே "கவலைப்படாதீங்க, காரம் சாப்பிடாதீங்க" என்றுதான் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு பேர், இது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியால் வருவது என்றார்கள். ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்றில் அழற்சி வந்து காட்டினார். 2005ல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு. அத்தனை காலம் 'டென்ஷன்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்டது கொஞ்ச நாள் ஆன்டிபயாடிக்.

இன்னொன்று. இந்த 'ஸ்ட்ரெஸ்' என்ற பேச்சையே மருத்துவத்தில் பிரபலப்படுத்திய ஹான்ஸ் செல்யே சிகரெட் கம்பெனிகளிடம் பணம் வாங்கியவர். மாரடைப்புக்குக் காரணம் புகை இல்லை, மன அழுத்தம் என்று சொல்ல ஆள் கிடைத்தால் அவர்களுக்குக் கசக்குமா?

என் கடையில் நடக்கிறதைச் சொல்கிறேன். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை வாங்குகிறவர் திடீரென்று நிறுத்திவிடுவார். கேட்டால், "மகள் கல்யாணம் முடிஞ்சாச்சு, இனி டென்ஷன் இல்லை, எதுக்கு மாத்திரை?" இந்த வார்த்தை ஆளையே கொல்லும்.

ராத்திரி_டியூட்டி
நான் நர்ஸ், நாகர்கோவில் பக்கம். அண்ணே, மாத்திரை நிறுத்துகிறவர்களைப் பற்றி நீங்கள் சொன்னது சத்தியம், வார்டில் நாங்களும் பார்க்கிறோம். ஆனால் அல்சர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட ஆட்களின் வயிற்றில் அந்தக் கிருமி இருக்கிறது, எல்லாருக்குமா புண் வருகிறது? 1995ல் ஜப்பானில் கோபே நிலநடுக்கம் வந்த பிறகு அல்சர் ரத்தக் கசிவோடு வந்தவர்கள் கூடினார்கள். நிலநடுக்கமா கிருமியைக் கொண்டுவந்தது?

தம்பி கேட்டதற்கு வருகிறேன். பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்தக் குழாய் சுருங்கும், ஈரல் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். பாம்பைப் பார்த்து ஓடுவதற்கு இது வேண்டும், ஓடி முடித்ததும் அடங்கிவிடும். பெரியம்மா மாதிரி வருஷக்கணக்கில் அடங்காமல் கிடந்தால்தான் பிரச்சினை. கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடியே இருக்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது, காயம் ஆறுவதுகூடத் தாமதமாகும்.

காயம் சும்மா சொல்லவில்லை. 1995ல் அமெரிக்காவில் ஜானிஸ் கீகோல்ட் கிளேசர் என்ற உளவியல் ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். மறதி நோய் வந்த சொந்தக்காரரை வீட்டில் வைத்துப் பார்க்கும் பெண்கள் ஒரு பக்கம், அதே வயசில் அந்தப் பொறுப்பு இல்லாத பெண்கள் மறுபக்கம். எல்லாருக்கும் கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவு தோலை எடுத்து ஒரே மாதிரிக் காயம் உண்டாக்கி, ஆற எத்தனை நாள் என்று பார்த்தார்கள். நோயாளியைப் பார்க்கிற பெண்களுக்கு ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. ஒரே காயம், ஒரே அளவு. தம்பி, உங்கள் பெரியம்மா அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்.

மார்த்தாண்டம்_மருந்துக்கடை
அந்த ஆய்வில் ஒவ்வொரு பக்கமும் பதிமூன்று பேர்தான் மக்களே. பதிமூன்று பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கே சொல்ல முடியுமா? பெரிய ஆய்வு எடுங்கள். ENRICHD ஆய்வைத் தமிழில் என்ரிச்ட் என்று எழுதிக்கொள்கிறேன், 2003ல் முடிவு வந்தது. மாரடைப்பு வந்து மனச்சோர்வோடோ ஆதரவில்லாமலோ இருந்த 2,481 பேரில் ஒரு பாதிக்கு ஆள் வைத்துப் பேசி, மனசைத் தேற்றி, ஆதரவு கூட்டினார்கள். மனச்சோர்வு குறைந்தது, சரி. சாவு குறைந்ததா, இரண்டாவது அட்டாக் குறைந்ததா? இல்லை. மார்பகப் புற்றுநோயிலும் இதே கதை. 1989ல் கூடிப் பேசும் குழுவில் இருந்த பெண்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று ஒரு ஆய்வு வந்தது, ஊரெல்லாம் அதைப் பேசினார்கள். 2001ல் 235 பெண்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது ஆயுசு கூடவில்லை.

அருமனை_ஷீட்
எங்க அப்பா ராத்திரி மூணு மணிக்கு எழும்பி நெத்தியில லைட்டைக் கட்டிட்டு ரப்பர் பால் வெட்டப் போவார். ஒரு டென்ஷனும் கிடையாது. எல்லாம் இப்போ உள்ளவங்களுக்குச் செல்போன் நோக்குறதால வர்ற சூக்கேடு.

ராத்திரி_டியூட்டி
அருமனை அண்ணே, அந்தக் காலத்தில் யார் பிரஷர் அளந்து பார்த்தார்கள்? "திடீர்னு நெஞ்சடைச்சுப் போயிட்டார்" என்று அடக்கிவிட்டு வந்தோம்.

மருந்துக்கடை அண்ணே, 2001 ஆய்வில் அந்தப் பெண்களுக்கு வலியும் மனவேதனையும் குறைந்தது, அதை விட்டுவிட்டீர்களே. புற்றுநோய்க்காரிக்கு வலி குறைவது சின்ன விஷயமா? என்ரிச்டில் கொடுத்தது சில மாதம் வந்து பேசிவிட்டுப் போகும் கவுன்சிலிங். ஒருத்தருக்கு ஆயுசு முழுக்க அக்கம்பக்கம், சொந்தம், கூட்டாளி இருப்பதும் அதுவும் ஒன்றா? கலிபோர்னியாவில் அலமேடா என்ற இடத்தில் கிட்டத்தட்ட ஏழாயிரம் பேரை ஒன்பது வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். கல்யாணம், கூட்டாளி, சபை, சங்கம் என்று ஒட்டுறவு குறைவாக இருந்தவர்கள் அதிகமாக இறந்தார்கள். சிகரெட், குடி, உடல் பருமன் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் போகவில்லை. 1979ல் வெளியானது. 2010ல் 148 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள், மூன்று லட்சம் பேருக்கு மேல். நல்ல உறவு வட்டம் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஐம்பது சதவீதம் கூடுதல். பதிமூன்று போதாதென்றால் மூன்று லட்சம் போதுமா?

மார்த்தாண்டம்_மருந்துக்கடை
தீனம், அதாவது நோய், பிடித்தவன் கல்யாண வீட்டுக்கும் போகமாட்டான், கோயில் கொடைக்கும் போகமாட்டான். அதனால் அவனுக்கு ஒட்டுறவு குறையும், அப்புறம் சாவான். எது முதலில் வந்தது?

ராத்திரி_டியூட்டி
நல்ல கேள்வி. அதனால்தான் ஷெல்டன் கோகன் செய்த ஜலதோஷ ஆய்வு எனக்குப் பிடிக்கும். 1997ல் நல்ல ஆரோக்கியமாக இருந்த 276 பேரை எடுத்து, மூக்கில் ஜலதோஷ வைரஸ் சொட்டு விட்டு, தனியாக வைத்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே வைரஸ். பலவகை உறவு வைத்திருந்தவர்களுக்கு ஜலதோஷம் குறைவாகப் பிடித்தது, உறவு சுருங்கியவர்களுக்கு அதிகமாகப் பிடித்தது. தொடக்கத்தில் ஒருத்தரும் தீனக்காரர் இல்லை. இப்போ சொல்லுங்கள்.

மாரடைப்புக்கு வேண்டுமானால் இண்டர்ஹார்ட் ஆய்வைப் பாருங்கள். 52 நாடு, கிட்டத்தட்ட முப்பதாயிரம் பேர். நடத்தியவர் சலீம் யூசுப், நம் பக்கத்தில் கொட்டாரக்கரையில் பிறந்தவர். 2004ல் வந்த முடிவில் முக்கியமான ஒன்பது காரணங்களில் புகை, பிரஷர், சுகரோடு மனசுக் காரணங்களும் இருந்தன.

மார்த்தாண்டம்_மருந்துக்கடை
ஜலதோஷம் வேற, பிரஷர் வேற. இண்டர்ஹார்ட்டில் அட்டாக் வந்து கட்டிலில் கிடப்பவனிடம் போய், "முன்னாடி உனக்குக் கஷ்டம் இருந்ததா?" என்று கேட்டார்கள். இருந்தது என்றுதானே சொல்வான், நெஞ்சு வலித்ததுக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பவன். உறவு நல்லது, நான் மறுக்கவில்லை. அதை மருந்தாகச் சொல்லாதீர்கள் என்கிறேன். மாத்திரை என்றால் சீட்டு எழுதலாம். மாமியாருக்கு நல்ல மருமகள், காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று எழுதித் தர முடியுமா?

கடப்புறத்துக்காரி
தூத்தூர் பக்கம். படித்துக்கொண்டே வந்தேன், இரண்டு பேர் பேசுவதிலும் ஒன்று விட்டுப்போகிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஊர்களில் ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் நிறையப் பேர் திரும்பவில்லை. பல வீட்டில் உடல்கூடக் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே கொழுந்தன் போய்விட்டான். நாத்தனார்மார், அன்பியம் என்கிற சர்ச் குழுக்காரர், கன்னியாஸ்திரிகள் என்று ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் வந்த ஆளெல்லாம் ஆதரவு என்று நினைக்காதீர்கள். சிலர் ஜெபமாலை சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "இழப்பீட்டுப் பணம் வந்துட்டுதா, எந்த பேங்குல போட்டிருக்கு?" என்று கேட்டார்கள். அவன் மனைவிக்கு அதுவே பெரிய சித்திரவதை. ஆள் வரும் சத்தம் கேட்டால் உள்ளே போய்க் கதவை அடைப்பாள். உறவைத் தலை எண்ணிக் கணக்குப் போடுகிறவர்கள் இதை எந்தக் கட்டத்தில் போடுவார்கள்?

அவளுக்கு உதவியது பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி. ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது, கொஞ்சம் முசுடுகூட. சுகர் மாத்திரை வாங்கும் நாளில் காலையிலேயே போய் ஓபி சீட்டு எடுத்து வரிசையில் நிற்பாள், இவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மெதுவாகப் போனால் போதும். ராத்திரி சின்னவன் அழுதால் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், இவள் தூங்குவாள். அப்புறம்தான் சுகர் கட்டுக்குள் வந்தது. கார்டிசால் இறங்கியதா என்று எனக்குத் தெரியாது அக்கா. நேரத்துக்கு மாத்திரை, நேரத்துக்குச் சோறு, தூக்கம் மூன்றும் வந்தது.

மார்த்தாண்டம்_மருந்துக்கடை
இதைத்தான் சொல்கிறேன். வேலை செய்தது மாத்திரை.

கடப்புறத்துக்காரி
மாத்திரை முன்னாடியும் இருந்தது அண்ணே. டப்பாவில்.

குலசேகரம்காரன்
எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சண்டை போடுங்கள், எனக்குப் பிரயோஜனமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியம்மாவுக்கு இப்போ என்ன செய்ய?

மார்த்தாண்டம்_மருந்துக்கடை
முதலில் வீட்டில் வைத்து அளந்து பார். ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேஜையில் வைத்து, பேசாமல் இருக்கும்போது. சிலருக்கு டாக்டர் முன்னால் மட்டும் கூடும். பஸ்ஸில் வந்து இறங்கி அவசரமாகப் போய் அளந்தாலும் கூடத்தான் செய்யும். அப்புறம் உப்பு, கருவாடும் ஊறுகாயும் எவ்வளவு என்று பார். முக்கியமாக, வேறு என்ன மாத்திரை போடுகிறார்? நாட்டு மருந்து, லேகியம், வலி மாத்திரை, எல்லாம் சொல்லு.

குலசேகரம்காரன்
போன் போட்டுக் கேட்டேன். பெரியப்பாவைத் தூக்கித் தூக்கி முதுகு வலி, அதற்குப் பக்கத்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி தினமும் போடுகிறாராம், சில நாள் இரண்டு. அட்டையில் டைக்ளோபினாக் என்று இருக்கிறது. டாக்டரிடம் சொன்னீங்களா என்றேன். "அவர் கேக்கல்லியே மக்களே" என்கிறார்.

மார்த்தாண்டம்_மருந்துக்கடை
கிடைத்துவிட்டது பார். அந்த வகை வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரைக் கூட்டும், சில பிரஷர் மருந்து வேலை செய்யவும் விடாது. சிறுநீரகத்துக்கும் கேடு. நாளைக்கே அந்த அட்டையோடு டாக்டரைப் பார்க்கச் சொல்லு, பாராசிட்டமாலோ வேறு எதுவோ அவர் மாற்றித் தருவார். பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். டென்ஷனாம் டென்ஷன்!

ராத்திரி_டியூட்டி
அண்ணே, அந்த மாத்திரை அவர் கைக்கு எப்படி வந்தது? எழுபது கிலோ ஆளை ஒருத்தியாகத் தூக்கினதால் வந்தது. தூக்க இன்னொரு ஆள் இருந்தால் முதுகு வலி எங்கே, மாத்திரை எங்கே? நீங்கள் அட்டையில் பார்த்த காரணத்தை நான் அதற்கு ஒரு படி முன்னால் பார்க்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பி, மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021ல் இருந்து திட்டம் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரியப்பா பெயரைக் கொடுங்கள். ஆளைத் தூக்காமல், அடியில் மடித்த சேலையை விரித்து இழுத்துப் புரட்டும் விதத்தை அவர்களிடமே காட்டித் தரச் சொல்லுங்கள். முதுகுக்கு அதுதான் முதல் மருந்து.

மார்த்தாண்டம்_மருந்துக்கடை
வீட்டுக்கு மாத்திரை வருவது அரசாங்கத் திட்டம், அதைப் போய் உறவுக் கணக்கில் எழுதாதீர்கள்.

கடப்புறத்துக்காரி
திட்டத்து ஆள் வந்துவிட்டுப் போவார், ராத்திரி இரண்டு மணிக்கு மூத்திரத் துணி மாற்ற வரமாட்டார். தம்பி, நீங்கள் எத்தனை பேர் அண்ணன் தம்பி? வாரத்தில் இரண்டு ராத்திரி யாராவது ஒருத்தர் போய்ப் படுக்க முடியாதா?

குலசேகரம்காரன்
நானும் சித்தப்பா மகனும் மாறி மாறிப் போகலாம் அக்கா, அதில் சிரமம் இல்லை. பெரியம்மா விடவேண்டுமே. "எம் மாப்பிளையை நான் பார்த்துக்குவேன்" என்று சொல்லிவிடுவார், வேறு ஆள் தொட்டால் அவருக்குக் குறைச்சல்.

கடப்புறத்துக்காரி
உதவிக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லாதீங்க. பக்கத்தில் வேலை இருக்கு, ராத்திரி பஸ் இல்லை, இங்க படுத்துக்கிறேன் என்று போங்கள். எங்கள் அக்கா அப்படித்தான் உள்ளே வந்தாள்.

அருமனை_ஷீட்
குலசேகரத்துல எந்தப் பக்கம் தம்பி? எங்க அம்மைக்கும் அந்த முதுகு வலி மாத்திரைதான். நாளைக்கு அட்டையைப் பார்த்துட்டு இங்க எழுதுறேன்.