புதுப்பிப்பு: கயிற்றுச் சோதனையில் ஒரு திருத்தம், குளக்கட்டுப் பயிற்சி

மலை ஏறும் கயிற்றைக் கண்ணால் பார்த்து, கையால் தடவினால் போதும் என்று முதற் பதிவில் எழுதியிருந்தேன். போதாது. பற்றரி அசிட் பட்ட நைலோன் கயிறு பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும், பாரம் விழும்போதுதான் அறும். லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் பற்றரியோடு கிடந்த கயிறா? சந்தேகமே போதும், கழியுங்கள். துண்டு துண்டாக வெட்டியே எறியுங்கள். முழுசாகக் கிடந்தால் யாராவது எடுத்து ஏறுவார்கள்.

மற்றச் சோதனை மாறவில்லை. கயிற்றைச் சாண் சாணாக மடித்து விரலால் நெரியுங்கள். வளைவு உருண்டையாக நின்றால் நல்லது. தட்டையாக மடிந்தால் உட்புரி போய்விட்டது. செம்மண் துகள் உள்ளே போய் இழையை அரிக்கும், ஆகவே படங்கு விரித்தே கயிற்றைப் போடுங்கள். கழுவ இளஞ்சூட்டுத் தண்ணீர், மென்சவர்க்காரம். பிளீச் கூடாது. நிழலில் உலர்த்துங்கள்.

வள்ளம் கட்டுகிற கயிறு உதவுமா என்று கேட்ட தம்பிக்கு: உதவாது. ஏறுகயிறு விழுகையில் இழுபட்டு அதிர்ச்சியை வாங்கும். ஏறுகயிற்றுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 892இல், ஒற்றைக் கயிறு (தனியாகவே பாவிக்கிற வகை) 80 கிலோப் பாரத்தோடு குறைந்தது 5 விழுகை தாங்கவேண்டும். இழுபடாத கயிற்றில் அந்த அதிர்ச்சி நேரே முதுகெலும்புக்குத்தான் போகும்.

இனிப் பயிற்சி. மலை இல்லாவிட்டால் என்ன, ஏறி இறங்கக் குளக்கட்டு இருக்கிறதே. முதுகுப்பையில் 5 லீற்றர் தண்ணீரோடு தொடங்கி, கிழமைக்கு ஒரு லீற்றராகக் கூட்டுங்கள். கடைசி ஏற்றம் முடிந்ததும் தண்ணீரை மேலேயே ஊற்றிவிட்டு இறங்கினால் முழங்கால் தப்பும்.