தம்பி கல்யாணப் பத்திரிகை: பெரிய கார்டா, ஒற்றை அட்டையா, வாட்ஸ்அப் மட்டும் போதுமா?

திருமங்கலம்_மீனா:
எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு வருகிற தை மாதம் கல்யாணம். மண்டபம், சமையல் எல்லாம் பேசி முடித்தாயிற்று, பத்திரிகையில் வந்துதான் நிற்கிறது. எங்கள் ஊர் திருமங்கலம், பெண் வீடு சென்னை. அப்பாவுக்கு மஞ்சள் அட்டையில் பிள்ளையார் படம், உள்ளே பெரியப்பா சித்தப்பா தாய்மாமன் அத்தை என்று எல்லார் பெயரும் ஊரோடு வர வேண்டும். பெண் வீட்டில் ஆங்கிலத்தில் ஒற்றை அட்டை, ஓரத்தில் க்யூஆர் கோடு, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால் போதும் என்கிறார்கள். தம்பியோ விதைக் காகிதத்தில்தான் அடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான், குப்பையில் போகாமல் செடியாக முளைக்குமாம். எங்கள் பக்கம் மட்டும் 600 பத்திரிகை தேவைப்படும். யார் மனமும் நோகாமல் முடிக்க வேண்டும். சிவகாசியில் அடிப்பதா, சென்னை பாரிமுனையில் பார்ப்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

விருதுநகர்_செல்வம்:
சகோதரி, அச்சகத்தில் டிடிபி, அதாவது கணினியில் எழுத்துக் கோத்துப் பக்கம் அமைக்கிற வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் அட்டையின் அழகைப் பார்க்காதீர்கள், உங்கள் அப்பா வயதுக்காரர் கண்ணாடி இல்லாமல் மண்டபத்தின் பெயரையும் முகூர்த்த நேரத்தையும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அரக்கு நிற அட்டையில் தங்க ஃபாயில் (மெல்லிய மினுமினுப்புத் தாள்) எழுத்து கடையில் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும், வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க வரும். ஃபாயிலைப் பிள்ளையாருக்கும் மணமக்கள் பெயருக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் வெளிர் மஞ்சளிலோ சந்தன நிறத்திலோ அடர் சிவப்பு எழுத்தில் அடியுங்கள். அட்டை 250, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனம் இருந்தால் கையில் எடுப்பாக இருக்கும், அதற்கு மேல் போனால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும்.

விதைக் காகிதம் நல்ல எண்ணம்தான், ஆனால் அது கையால் செய்கிற காகிதம், மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். அதில் சின்ன எழுத்து அடித்தால் ணகரமும் னகரமும் மை ஊறி ஒன்றாகத் தெரியும். சூடு வைத்து ஒட்டுகிற ஃபாயிலும் விதைக்கு ஆகாது. மணமக்கள் பெயர், நாள், இடம் மட்டும் போட்டுத் தம்பியின் நண்பர்களுக்கு ஒரு சின்ன அட்டை என்றால் சரியாக வரும். உறவுக்காரர் பட்டியல் முழுவதும் அதில் கொண்டுவர முடியாது.

அப்புறம் எழுத்துரு. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. நீங்கள் போனில் யூனிகோடில் அழகாகத் தட்டி அனுப்புவீர்கள். பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது, யூனிகோடை அப்படியே ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்துவிடும். ஆகவே ஆபரேட்டர் மறுபடி முழுவதையும் தட்டச்சு செய்வார், பிழை நுழைவது அங்கேதான். வாட்ஸ்அப்பில் வருகிற படத்தைப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். தாளில் ப்ரூப், அதாவது பிழை பார்க்கிற மாதிரி அச்சு, எடுத்துத் தரச் சொல்லி, வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் மூலத்தோடு ஒத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அச்சகத்தில் முந்தைய கல்யாணத்தின் மேட்டரை (அச்சடிக்கிற வாசகத்தை) திறந்து அதிலேயே பெயர் மாற்றுவது வழக்கம், 2026 சித்திரையில் பராபவ வருடம் பிறந்த பிறகும் முந்தின வருடமான விசுவாவசு என்றே வந்த ப்ரூப்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே அடிப்பது என்றால், சிவகாசி உங்களுக்குப் பக்கம்தான். ஆனால் ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிட்டதும் அங்கே காலண்டர், டைரி வேலை தொடங்கி மார்கழி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. தைக் கல்யாணத்துக்கு ஐப்பசி முடிவதற்குள் மேட்டர் கொடுத்துவிடுங்கள். பெண் வீட்டார் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு, பந்தர் தெரு இரண்டையும் நடந்து பார்த்தாலே போதும், ரெடிமேட் அட்டை வகைவகையாகக் கிடைக்கும். விலை கேட்கும்போது அட்டை, கவர், அச்சுக்கூலி மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லையென்றால் கடைசியில் கவருக்குத் தனியாகக் கேட்பார்கள்.

கும்பகோணம்_சாந்தி:
மீனா, செல்வம் தம்பி சொன்னது எல்லாம் சரி, நான் வீட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன். அப்பா கேட்கிற பெயர்ப் பட்டியலை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு தாய்மாமனுக்குத் தன் பெயர் அச்சில் இருக்கிற பத்திரிகையை வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து வாங்குவது பெரிய மரியாதை, அதை வீடியோ தராது. ஆனால் சித்தப்பா பெயரைப் போட்டுப் பெரியப்பா பெயரை விட்டுவிட்டால் அந்த மனத்தாங்கல் அடுத்த தலைமுறை வரை போகும். அதனால் பட்டியலை அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எழுதட்டும், அம்மா வழி உறவும் விடுபடாது. மூத்தவர் முதலில் என்ற ஒரே வரிசைதான், வசதி பதவி எதுவும் பார்க்கக் கூடாது. காலமான தாத்தா பாட்டியின் ஆசியோடு என்று மேலே ஒரு வரி போடுங்கள், அப்பா மனம் குளிர்ந்துவிடும்.

முகூர்த்த வரியை நாள் குறித்துக் கொடுத்த ஜோசியரிடமே எழுதி வாங்குங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் கணிக்கிற முறை வேறு, அதனால் திதி, நட்சத்திர நேரம் வேறுபடும், பையன் வீடு ஒன்றையும் பெண் வீடு இன்னொன்றையும் பார்த்து இரண்டு பத்திரிகையில் இரண்டு விதமாக அடித்தால் பெரியவர்கள் கலங்கிப் போவார்கள். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி. பளபளப்பாக லேமினேட் செய்த அட்டையில் மஞ்சள் ஒட்டாமல் வழியும், இதையும் பார்த்து வாங்குங்கள்.

திருச்சி_கதிர்:
எங்கள் வீட்டில் சுயமரியாதைத் திருமணம், அழைப்பிதழில் திதி, லக்னம் எதுவும் கிடையாது. மேலே ஒரு குறள், திருவள்ளுவர் ஆண்டு, ஆங்கிலத் தேதி, தலைமை ஏற்பவர், வாழ்த்துரை சொல்பவர்கள், அவ்வளவுதான். இந்த முறைக் கல்யாணம் சட்டப்படி செல்லும் என்பதற்கு அண்ணா முதல்வராக இருந்தபோதே இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு வந்துவிட்டது. ஆக, பத்திரிகை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, உங்கள் குடும்பம் எதை நம்புகிறதோ அதை மனதார அடியுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், பதிவு அலுவலகத்தில் அழைப்பிதழையும் கேட்பார்கள். அச்சடித்த அட்டை கொஞ்சமாவது கையில் இருக்கட்டும், அதில் மணமக்கள் பெயரும் பெற்றோர் பெயரும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை வீடியோவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலம்_மீனா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று ராத்திரியே அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மஞ்சள் அட்டையில் பெயர்ப் பட்டியலோடு 450, தம்பி நண்பர்களுக்கு விதைக் காகிதத்தில் 150 என்று ஒப்புக்கொண்டார். பெண் வீட்டு அட்டையை அவர்கள் விருப்பப்படி அடிக்கட்டும், முகூர்த்த வரியை மட்டும் இங்கிருந்து எழுதி அனுப்புகிறோம். ஒரே ஒரு சந்தேகம், தூரத்து ஊர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் கோபப்படுவார்களா?

கும்பகோணம்_சாந்தி:
வெறுமனே அனுப்பினால் கோபப்படத்தான் செய்வார்கள். அப்பாவோ அம்மாவோ முதலில் போன் போட்டு, "நேரில் வர முடியவில்லை, இதையே நேரில் வந்து அழைத்ததாக எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்துவிடுங்கள்" என்று வாயால் அழைக்கட்டும், அதன் பிறகு படத்தை அனுப்புங்கள். குடும்பக் குரூப்பில் பொதுவாகப் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, உறவு முறை சொல்லி எழுதி அனுப்புங்கள். எழுபது வயது தாண்டியவர்களுக்கு மட்டும் தபாலிலும் ஒன்று போட்டுவிடுங்கள்.