துறைமுகத்தில் நிற்கும் சொகுசுக் கப்பலுக்கு மரக்கறி கொடுக்கலாமா?

உப்புவெளி_கடைக்காரன்:
வணக்கம். திருகோணமலையில் சின்னதாக மரக்கறிக் கடை வைத்திருக்கிறேன். உள்துறைமுகத்தில் வெள்ளை நிறத்தில் பெரிய யாட் ஒன்று நங்கூரம் போட்டு நிற்கிறது. மேல்தட்டில் ஹெலிகொப்டர் தளம்கூட இருக்கிறது. பின்பக்கம் பெயருக்குக் கீழே ஜோர்ஜ் டவுன் என்று எழுதியிருக்கிறார்கள். இது போதைத் தூள் கடத்துகிற கப்பல்தான் என்று தேநீர்க் கடையில் முடிவே கட்டிவிட்டார்கள். நேற்று ஒருவர் வந்து லீக்ஸ், கரட், கீரை, எலுமிச்சை என்று நீளமான பட்டியல் தந்தார். பில்லில் கப்பல் பெயர் வேண்டாமாம், ஏதோ ஒரு கம்பனி பெயரில் போடட்டுமாம். காசு டொலரில், கையில். கொடுக்கலாமா? பிறகு பொலிஸ், கஸ்டம்ஸ் என்று அலையவேண்டி வருமா?

மூதூர்_பெடியன்:
கீரை சாப்பிடுகிற கடத்தல்காரனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பழைய_எஞ்சின்காரன்:
தம்பி, இந்த மாதிரிக் கப்பல்களின் எஞ்சின் அறையில் பல வருசம் கிடந்தவன் நான். ஜோர்ஜ் டவுன் கேமன் தீவுகளின் தலைநகரம். பெரிய யாட்கள் ஏராளம் அங்கேதான் பதிவு. முதலாளி அந்தப் பக்கம் காலே வைத்திருக்க மாட்டார். கப்பல் ஒரு கம்பனியின் சொத்து, அதற்கு மேலே இன்னொரு கம்பனி. சம்பளம் தருவது யார் என்று தெரியாமலே நானும் வேலை செய்திருக்கிறேன். அதனால் கம்பனி பெயரில் பில் கேட்டது பெரிய விசயமில்லை. கப்பல் பெயரே வேண்டாம் என்கிறாரே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ‘இன்ன கப்பலின் கப்டனுக்கும் உரிமையாளருக்கும்’ என்று எழுதுவதுதான் வழக்கம். ஐ.எம்.ஓ. இலக்கத்தையும், அதாவது உலக அளவில் கப்பலுக்குக் கொடுக்கும் அடையாள எண்ணையும், சேர்த்துப் போடுங்கோ. பெயரையும் கொடியையும் மாற்றலாம், அந்த ஏழு இலக்கம் மட்டும் கப்பலை உடைக்கும் வரை மாறாது.

தூள் கதையை விடுங்கோ. எங்கட கடலில் கடற்படை ஹெரோயினும் ஐஸும் பிடிப்பது பெரும்பாலும் பலநாள் மீன்பிடிப் படகுகளில்தான். இவ்வளவு பெரிய யாட்டில் சந்தேகம் வந்தால் அது ஏற்றிய சாமானில் இல்லை, கப்பலை வாங்கிய காசில். ‘இக்குவானிமிட்டி’ என்ற யாட் 91 மீற்றர், நெதர்லாந்தில் கட்டியது. மலேசிய அரசின் 1எம்டிபி நிதியில் சுருட்டிய பணத்தில் ஜோ லோ என்ற மலேசிய வியாபாரி வாங்கியது என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது. 2018 பெப்ரவரியில் பாலியில் வைத்துப் பிடித்தார்கள், ஓகஸ்டில் மலேசியாவுக்குப் போனது. 250 மில்லியன் டொலர் என்று மதித்த கப்பல், அடுத்த வருசம் 126 மில்லியனுக்குத்தான் விலைபோனது. பிடித்து வைத்தாலும் செலவு நிற்காது. ஜெனரேட்டரும் ஏசியும் ஓடவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மரவேலை, மெத்தை எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும்.

2022இல் பீஜியில் பிடிபட்ட ‘அமாதியா’ என்ற யாட் இன்னும் நல்ல கதை. முதலாளி, தடைப்பட்டியலில் இருந்த ரஷ்யக் கோடீஸ்வரர் கெரிமோவ் என்றது அமெரிக்கா. இல்லை, அது என்னுடையது என்று வேறொரு ரஷ்யர் வழக்காடினார். அமெரிக்கக் கோர்ட்டில் வருசக்கணக்காக இழுபட்ட விசயம் அது. உங்கட தேநீர்க் கடையில் ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்!

கிளியரிங்_அண்ணை:
மேலே சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வெளிநாட்டு யாட் இங்கே வந்தால் குடிவரவு, சுங்க வேலைகளை உள்ளூர் ஏஜென்ட் ஒருவர் மூலம்தான் முடிப்பார்கள். வந்த ஆளிடம் ஏஜென்ட் யார் என்று கேளுங்கோ. ஓடர் எழுத்தில் வரட்டும். சாமான் இறக்கும்போது டெலிவரி நோட்டில் கப்டனின் கையெழுத்தும் கப்பல் சீலும் கட்டாயம் வாங்குங்கோ. டொலரை வங்கியில் மாற்றி ரசீதை வைத்துக்கொண்டால், யார் கேட்டாலும் நீட்டலாம். பணம் தராமல் ஏமாற்றினால், கப்பலுக்குச் சாமான் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய்க் கப்பலையே மறிக்கக் கேட்கலாம். அதற்கும் பில்லில் கப்பல் பெயர் இருக்கவேண்டும். கடன் மட்டும் வேண்டாம். நங்கூரத்தைத் தூக்கிவிட்டால் நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்?

உப்புவெளி_கடைக்காரன்:
நன்றி அண்ணைமார். ஏஜென்ட் யார் என்று இப்போதுதான் போனில் கேட்டேன். “பிறகு சொல்கிறேன்” என்று வைத்துவிட்டார். லீக்ஸ் இன்னும் எடுக்கவில்லை.