பதிப்புரிமையா, படைப்புரிமையா? ஆய்விதழ் ஒப்பந்தத்திற்கான சொற்கள்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை தொடங்கவிருக்கும் ஆய்விதழுக்குக் கட்டுரையாளர் ஒப்பந்தப் படிவத்தைத் தமிழிலேயே எழுதித் தருவதாக, நூலகர் என்ற முறையில் நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்காகவே ஓப்பன் ஆக்சஸ் (ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படித்துப் பயன்படுத்த விடுதல்), காப்பிரைட், ரைட்ஸ் ரிட்டென்ஷன் (எழுதியவர் தம் உரிமையைப் பதிப்பகத்திடம் விட்டுவிடாமல் வைத்துக்கொள்ளுதல்) ஆகிய மூன்றுக்கும் சென்ற வாரம் தமிழ் கேட்டிருந்தேன். மறுமொழி எழுதியவர்களுக்கு நன்றி. எல்லாவற்றையும் படித்தபின், சிக்கல் முதற்சொல்லில் இல்லை, நாம் பேச வேண்டியதே இல்லை என்று நினைத்த இரண்டாவது சொல்லில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆகவே முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிட்டு இரண்டாவதற்கு வருகிறேன்.

ஓப்பன் ஆக்சஸுக்குத் 'திறந்த அணுக்கம்' என்பதே இருக்கட்டும். தமிழ் இணையத்தில் அது ஏற்கெனவே வேர்விட்டிருக்கிறது. அணுக்கம் என்றால் நெருக்கம், தஞ்சைப் பெரிய கோயிலின் அணுக்கன் திருவாயில் எல்லார்க்கும் உரிய வாயில் அன்று எனப் புலவர் ஐயா எழுதியது உண்மைதான். ஆனால் 'திறந்த' என்னும் அடை அந்தக் குறையை நீக்கிவிடுகிறது. அணுகு என்னும் வினையும் இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது. மறுமொழிகளில் வந்த 'இலவச வாசிப்பு' என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. திறந்த அணுக்கம் இன்னதென்று வரையறுத்து 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை, கட்டணமின்றிப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தரவிறக்கவும், படியெடுக்கவும், பிறருக்கு வழங்கவும், அச்சிடவும், மென்பொருளுக்குத் தரவாக ஊட்டவும் எவருக்கும் இசைவு இருக்க வேண்டும் என்கிறது. இலவசம் என்ற சொல் இவற்றில் ஒன்றைத்தான் தொடுகிறது.

இதே ஆங்கிலச் சொல் சென்னை நூலகர்களுக்கு முன்பே பழக்கமானது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி இரா. ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் வேண்டும் என்னும் மூன்றாம் விதியை விளக்குமிடத்தில், வாசகரே அடுக்குகளுக்கிடையே சென்று நூலைக் கையில் எடுத்துப் பார்க்கும் முறைக்கு இச்சொல்லையே ஆள்கிறார். அந்த மரபில் பயின்ற எனக்கு, திறந்த அடுக்கிலிருந்து திறந்த அணுக்கத்திற்கு வருவது இயல்பான தொடர்ச்சியாகவே தோன்றுகிறது.

இனி காப்பிரைட். மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர், 'பதிப்புரிமை என்று அரசே எழுதுகிறதே, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது' என்று கடந்துவிட்டீர்கள். சென்ற ஆண்டுவரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு மாணவி.

காசிமேட்டில் மூன்றாண்டுகள் அலைந்து, வலை இழுக்கும்போதும் துடுப்புப் போடும்போதும் பாடப்பட்ட அம்பாப் பாடல்களைத் திரட்டி ஆய்வு செய்தவர் அவர். கட்டுரை ஆங்கிலத்தில் ஓர் அயல்நாட்டு ஆய்விதழில் வெளிவந்தது; துறையே மகிழ்ந்தது. ஓராண்டு கழித்து, அதே கட்டுரையைத் தமிழாக்கி, பாடிக்கொடுத்த குப்பத்தாருக்கே சிறுநூலாகத் தர விரும்பியபோது, தம் கட்டுரையை மொழிபெயர்க்கவும் தாம் வரைந்த அட்டவணைகளை மீண்டும் வெளியிடவும் அனுமதிக்கு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று பதில் வந்தது. பாடல்கள் மக்களுடையவை, அவற்றை எவரும் வாங்கவில்லை; ஆனால் அவற்றைச் சுற்றி அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் கைமாறியிருந்தது. அவர் கையொப்பமிட்ட படிவத்தை நூலக மேசையில் விரித்துவைத்து இருவரும் படித்தோம். இரண்டாம் பக்கத்தின் நடுவில், எல்லா உரிமைகளையும், உலகம் முழுமைக்கும், உரிமை நிலைக்கும் காலம் முழுவதற்கும் மாற்றித் தருவதாக ஒரே வாக்கியம். அதன் கீழே நீல மையில் அவர் கையொப்பம். "படிக்காமலா போட்டீங்க?" என்று கேட்டேன். "படிச்சேன் சார். காப்பிரைட்னா பதிப்புரிமைதானே, பதிப்பிக்கிறவங்களுக்குத்தான போகணும்னு நெனச்சேன்" என்றார்.

அவர் சொன்னதில் அறியாமை எதுவும் இல்லை என்பதே என் வாதம். அவர் தமிழை ஒழுங்காகப் படித்திருக்கிறார். பதிப்பு என்பது பதிப்பாளர் தொழில். அதற்குரிய உரிமை பதிப்பாளருக்குப் போவதுதானே முறை? பதிப்புரிமை என்னும் சொல்லே எழுதியவரின் கையை விலக்கிவிட்டு அச்சிடுபவரின் கையில் பொருளை வைத்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லின் பிறப்பிலும் இதே குறை உண்டு. இலண்டனில் அச்சகத்தாரும் நூல் விற்பனையாளரும் சேர்ந்த சங்கம் படியெடுக்கும் உரிமையைத் தன் உறுப்பினருக்குள் வைத்திருந்த காலத்தில் வந்த சொல் அது. நூலாசிரியருக்கே முதல் உரிமை என்று ஆன் அரசியின் பெயரால் 1710-இல் சட்டம் வந்த பின்னும் அந்தப் பழைய மணம் போகவில்லை. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் தங்கள் மொழியில் படைத்தவரின் உரிமை என்றே வைத்துக்கொண்டார்கள். நாம் ஆங்கிலத்தைப் பார்த்து மொழிபெயர்த்தபோது அதன் குறையையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டோம்.

நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு காப்பிரைட்டை ஒரு கொத்தாக வரையறுக்கிறது: மறுபடியெடுத்தல், படிகளை வெளியிடுதல், பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தல், மொழிபெயர்த்தல், தழுவி எழுதுதல், திரைப்படமாக்குதல் எனப் பல உரிமைகள் அதில் அடக்கம். பதிப்பித்தல் அவற்றில் ஒன்று. கொத்து முழுவதற்கும் அதன் பெயரைச் சூட்டினால் மற்றவை கண்ணிலிருந்து மறைகின்றன. நம் மாணவி இழந்ததும் மொழிபெயர்ப்பு உரிமையைத்தான். பணிக்கடமையாக எழுதியவை போன்ற விலக்குகள் நீங்கலாக, முதல் உரிமையாளர் எழுதியவரே என்கிறது 17-ஆம் பிரிவு. எழுத்தில் கையொப்பமிட்டுத் தந்தாலொழிய உரிமை மாறாது என்றும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டுமே என்றும் 19-ஆம் பிரிவு வேலி போடுகிறது. பெரிய பதிப்பகங்களின் படிவங்களில் 'உலகம் முழுமைக்கும், முழுக் காலத்திற்கும்' என்ற சொற்கள் தவறாமல் இடம்பெற்றுவிட்டால் இந்த வேலி நமக்கு உதவாது.

எனவே என் பரிந்துரை இது. கொத்து முழுவதற்கும் 'படைப்புரிமை' என்று சொல்வோம். இது புதுச்சொல் அன்று, பலரும் ஆண்டுவருவதுதான். 'பதிப்புரிமை' என்ற சொல்லைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதற்கு அதன் நேர்ப்பொருளையே கொடுத்துவிடுவோம். எழுதியவர், தம் படைப்பை வெளியிட்டுக்கொள்ளும்படி பதிப்பாளருக்குத் தரும் இசைவு பதிப்புரிமை. அப்படியானால், கட்டுரையாளர் பதிப்புரிமையைக் கொடுக்கிறார், படைப்புரிமை அவரிடமே இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இதை விளக்க எனக்கு இதுவரை அரைமணி நேரம் தேவைப்பட்டு வந்தது. 'காப்புரிமை' என்று செய்தித்தாள்கள் எழுதுவது பேட்டண்ட்டுக்கு நிலைத்துவிட்டதால் அதை இங்கே இழுக்க வேண்டாம்.

சட்டம் படித்த அம்மையார், அரசு ஆவணத்தில் ஒரு சொல்லும் நம் படிவத்தில் வேறு சொல்லுமாக இருந்தால் வழக்கென்று வரும்போது இடர் வராதா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. படிவத்தின் தொடக்கத்தில், '1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்ட உரிமைகள் அனைத்தும் இப்படிவத்தில் படைப்புரிமை எனப்படும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். இது போதாது என்றால் அம்மையாரே திருத்தித் தர வேண்டுகிறேன்.

'ஆசிரியர் உரிமை' என்று புலவர் ஐயா சொன்னது இலக்கணப்படி சரியே. ஆயினும் இன்று ஆசிரியர் என்றால் பள்ளி ஆசிரியரே முதலில் நினைவுக்கு வருகிறார். ஆசிரியர் உரிமை என்று துண்டறிக்கை அச்சிட்டால், ஓய்வூதியக் கோரிக்கை என்றே எடுத்துக்கொள்வார்கள். ஐயா நடத்திய நன்னூல் வகுப்பிலிருந்தே வேறொரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளுள் முதலாவது ஆக்கியோன் பெயர். வழி, எல்லை, நூற்பெயர் எல்லாம் அதற்குப் பின்னர்தான். படைப்புரிமையை முழுவதும் விற்றுவிட்ட பின்னும், இது என் ஆக்கம் என்று சொல்லவும், தம் பெயருக்கு இழுக்கு நேரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் எழுதியவருக்கு உள்ள உரிமை போகாது என்கிறதே 57-ஆம் பிரிவு, அதற்கு 'ஆக்கியோர் உரிமை' என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் பலர் சேர்ந்து எழுதுவதாலும், ஆண்பால் பெண்பால் இருபாலுக்கும் பொருந்துவதாலும் பலர்பாலில் வைத்தேன். திறந்த அணுக்கத்தில் படைப்புரிமைக்கு எஞ்சும் ஒரே வேலை, ஆக்கத்தின் சிதையாமையை ஆக்கியோர் காக்கவும், அவர்கள் பெயர் முறையாகச் சுட்டப்படவும் துணைநிற்பதே என்று புடாபெஸ்ட் அறிக்கையும் சொல்கிறது. நன்னூலார் முதலில் வைத்ததையே அவர்கள் கடைசிவரை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

மென்பொருள் துறைத் தம்பி, திறந்த அணுக்கத்திற்குப் பதிலாக 'நாட்டுடைமை' என்றே சொன்னால் மக்களுக்குப் புரியுமே என்று எழுதியிருந்தார். சொல்லின் மீதான அவர் பற்று எனக்கும் உண்டு. 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையைப் பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது நம் பெருமிதங்களில் ஒன்று. இன்றும் எழுத்தாளர்களின் மரபுரிமையருக்குத் தொகை வழங்கி நூல்களை அரசு நாட்டுடைமையாக்கி வருகிறது. ஆனால் அங்கே உரிமை கைமாறுகிறது. அதன்பின் எவரும் அச்சிடலாம். திறந்த அணுக்கத்தில் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது, இருப்பதனால்தான் 'என் பெயரைச் சுட்டி எவரும் பயன்படுத்தலாம்' என்று அவரால் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொது உரிமத்தின் (லைசென்ஸ்) வழியே இசைவு தர முடிகிறது. தன்னிடம் இல்லாத நிலத்தில் வழிப்பாதை விட எவராலும் இயலாது. ஆகவே இரண்டையும் கலக்க வேண்டாம்.

மூன்றாவது சொல்லுக்கு 'உரிமை தக்கவைப்பு' என்பதே என் தேர்வு. உரிமைக் காப்பு, கைவிடா உரிமை ஆகியவையும் வந்தன. தொகுதியைத் தக்கவைத்தது, ஏலத்துக்கு முன் வீரர்களைத் தக்கவைத்தது என்று நாள்தோறும் படிக்கும் சொல் இது. சேப்பாக்கம் மைதானத்திற்குப் போகும் பள்ளிப் பிள்ளைக்கும் விளக்கம் தேவையில்லை. கையைவிட்டுப் போகக்கூடிய தறுவாயில் பிடித்துக்கொள்ளும் பொருள் அதில் இருக்கிறது, அதுவே இங்கே வேண்டியதும். தாம் நிதி தரும் ஆய்வுகள் திறந்த அணுக்கத்தில் வெளிவர வேண்டும் என்று 2018-இல் ஐரோப்பிய ஆய்வு நிதியமைப்புகள் அறிவித்த 'பிளான் எஸ்' திட்டத்தின் கீழ் 2020-இல் வந்த முறையும் இதுதான்: கட்டுரையை அனுப்பும்போதே, இதழ் ஏற்கும் கட்டுரைப் பிரதிக்கு இன்ன உரிமம் என்று எழுதிவிட்டால், பின்னால் வரும் படிவம் அதை விழுங்க முடியாது.

இதெல்லாம் எதற்கு, 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே என்று ஒருவர் கேட்டிருந்தார். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த அத்திட்டம் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. நல்ல உதவிதான். ஆனால் அது நிறுவனத்துக்குள் இருப்பவருக்கான சந்தா. பாடல் பாடிக்கொடுத்த முதியவரின் பேரன், தாத்தாவின் பெயர் வருகிறதாமே என்று ஆவலோடு கைப்பேசியில் அந்தக் கட்டுரையைத் தட்டியபோது வந்தது கட்டணம் கேட்கும் பக்கம். அவனை எந்தச் சந்தாவும் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. லைசென்ஸுக்கு 'உரிமம்' என்கிறோம். உரிமை, உரிமம் இரண்டும் ஈற்றில் மட்டும் வேறுபட்டு அருகருகே வரும்போது மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணும் வழுக்குகிறது. வீட்டைக் கிரயம் செய்வதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடு நம் ஊரில் பத்திரம் எழுதாதவருக்கும் தெரியும் என்பதால், உரிமை மாற்றத்தைக் கிரயம் என்றும் உரிமத்தைக் குத்தகை என்றும் சொல்லிப்பார்த்தேன். வகுப்பில் விளக்க உதவுகிறது, படிவத்தில் எழுதப் பொருந்தவில்லை. இப்போதைக்கு உரிமத்துக்குப் பதில் 'இசைவு' என்று வைத்திருக்கிறேன். படிவத்தின் முதன்மை வாசகம் இப்படி அமைந்திருக்கிறது:

"இக்கட்டுரையின் படைப்புரிமையை நான் தக்கவைத்துக்கொள்கிறேன். இதனை முதன்முதலில் வெளியிடும் பதிப்புரிமையை இவ்விதழுக்கு வழங்குகிறேன். ஆக்கியோர் பெயரைச் சுட்டி, எவரும் இதனைப் படிக்கவும் படியெடுக்கவும் மொழிபெயர்க்கவும் பகிரவும் இசைகிறேன்."

இசைவு என்பது திரும்பப் பெறக்கூடிய தற்காலிக ஒப்புதல் போல ஒலிக்கிறதா, உரிமம் என்றே எழுதிவிடலாமா என்பதை மட்டும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால், திங்களன்று அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
ஒரு கல்லூரி நூலகர், சென்னை