போஸ்ட்கிரெஸ் 16: இணைய முடிகிறது, அட்டவணை உருவாக்க முடியவில்லை

அனைவருக்கும் வணக்கம். உபுண்டு 24.04-இல் போஸ்ட்கிரெஸ் 16 என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவி, ஒரு செயலிக்காகத் தனிப் பயனரையும் தரவுத்தளத்தையும் உருவாக்கியிருக்கிறேன். சர்வர் 5432 போர்ட்டில் சரியாக இயங்குகிறது.

முதலில் 'பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்ற பிழை வந்தது. லினக்ஸ் பயனர்பெயரும் தரவுத்தளப் பயனர்பெயரும் வேறாக இருந்ததே அதற்குக் காரணம் என்பதால், லோக்கல்ஹோஸ்ட் என்று குறிப்பிட்டுக் கடவுச்சொல்லுடன் இணைந்ததும் அது தீர்ந்தது.

இப்போதுள்ள சிக்கல் வேறு. தரவுத்தளத்தின் மீது எல்லா உரிமைகளையும் கிராண்ட் கட்டளையால் வழங்கிய பின்னரும், அந்தப் பயனராக அட்டவணை உருவாக்க முயன்றால் 'பர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்' என்றே வருகிறது (ஸ்கீமா என்பது தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் பகுதி; பப்ளிக் என்பது இயல்பாகவே இருக்கும் ஸ்கீமா). 2022-இல் வெளிவந்த 15ஆம் பதிப்பு முதல், புதிய தரவுத்தளங்களின் பப்ளிக் ஸ்கீமாவில் எல்லோரும் அட்டவணை உருவாக்கும் உரிமை நீக்கப்பட்டுவிட்டது என்பதும், தரவுத்தளத்துக்கு வழங்கும் உரிமை ஸ்கீமாவுக்குப் பொருந்தாது என்பதும் ஆவணங்களைப் படித்ததில் புரிகிறது. பாதுகாப்பு நோக்கில் இது நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கு முன் எழுதப்பட்ட பயிற்சிக் குறிப்புகளை நம்பித் தொடங்குபவர்களுக்கு இது பெரிய தடை.

நான் அறிய விரும்புவது இதுதான்: அந்தப் பயனரையே தரவுத்தளத்தின் உரிமையாளராக்குவது நல்லதா, பப்ளிக் ஸ்கீமாவில் மட்டும் உருவாக்கும் உரிமை தருவது போதுமா, அல்லது செயலிக்கெனத் தனி ஸ்கீமா அமைத்து 'சர்ச் பாத்' அமைப்பை (அட்டவணைகளை எந்த ஸ்கீமாக்களில் தேடுவது என்ற வரிசையை) மாற்றுவதா? பின்னாளில் படிக்க மட்டும் உரிமையுள்ள இன்னொரு பயனரையும் சேர்க்க வேண்டியிருக்கும். உண்மையான பயன்பாட்டில் இதைக் கையாண்டவர்கள், நீங்கள் பின்பற்றும் முறையைக் காரணத்துடன் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.